வணிகர் கடனும் சமரசமும்

கடன் இன்றி வணிகம் நடைபெறுவதில்லை. நூற்கடைக்காரர் ஆலைக்குக் கடன்பட்டிருப்பார். தறி ஓட்டுவோர் நூற்கடைக்காரருக்கும், ஏற்றுமதி செய்வோர் தறி ஓட்டுவோருக்கும் கடன்பட்டிருப்பர். இச்சங்கிலியில் ஒரு கண்ணி தளருமாயின் பின்னுள்ள கண்ணிகள் யாவும் அசையும். ஆதலின் வணிகத்திற் கடன் நிலுவையாய் நிற்றல் வியப்பன்று. நின்ற கடனைப் பெறுவது எங்ஙனம் என்பதே வினா. இதற்கு நம்மவர் பெரும்பாலும் கைக்கொள்ளும் வழிகள் இரண்டு. கடைவாசலிற் சென்று கூச்சலிடுதல் ஒன்று. கோர்ட்டிற் பிராது கொடுத்தல் மற்றொன்று. மூன்றாவது வழியாகிய சமரசத்தைப் பற்றி நம் கல்லூரி மாணவர் பலர் கேள்வியுற்றிருப்பினும், அஃது இன்னதென விளங்கப் பெற்றோர் சிலரே.

சமரசம் என்னுஞ் சொல் நமக்குப் புதியதன்று. தாயுமானவரும் இராமலிங்க அடிகளும் சமய நெறிக்கண் அதனை ஆண்டனர். மாயூரத்தில் முன்சீபாக இருந்து வழக்குகளை விசாரித்த வேதநாயகம் பிள்ளையவர்களும் தாம் பாடிய கீர்த்தனை நூலுக்குச் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' எனப் பெயரிட்டனர். நியாயாதிபதி ஒருவர் சமயத்துக்கு ஆண்ட சொல், இக்காலத்து நியாய மன்றங்களுக்கு உள்ளேயே ஒரு முறையின் பெயராய் அமைந்தமை எண்ணி மகிழத்தக்கது.

நிற்க. சமரசத்தைப் பஞ்சாயத்தோடு ஒன்றாகக் கருதுவோர் பலர். அது பிழை. பஞ்சாயத்தார் இருபுறமுங் கேட்டுத் தீர்ப்புச் சொல்லுவர். கட்சிக்காரர் தாமே நியமிக்கும் நடுவரும் தீர்ப்பே சொல்லுவர். அத்தீர்ப்பு இருவரையும் கட்டும். சமரசரோ தீர்ப்புச் சொல்வதில்லை. கொடு என்றோ, விடு என்றோ கட்டளையிடும் அதிகாரம் அவருக்கு இல்லை. இருவரையும் ஒருங்கு வைத்துக் கேட்பார். பின்னர்த் தனித்தனியே அழைத்துக் கேட்பார். தனிமையிற் கேட்டதனைச் சொன்னவர் இசைவின்றி மற்றவர்க்குக் கூறார். அங்குப் பேசியவற்றைப் பின்னர்க் கோர்ட்டிற் சாட்சியமாகக் கொண்டுவரவும் இயலாது. அதிகாரம் இல்லாத ஒருவரால் யாது பயன் என்று நானும் முதலில் ஐயுற்றேன். என் ஐயம் நீங்கியது என் சிறிய தகப்பனார் காரியத்தில். அவரும் எதிர்க்கட்சியாரும் இசைந்தமையால் இங்கு எழுதுகின்றேன்; ஊரும் பெயரும் சொல்லேன்.

என் சிறிய தகப்பனார் கொங்கு நாட்டு ஊர் ஒன்றில் நூல் வியாபாரஞ் செய்பவர். படுக்கை விரிப்பு நெய்விக்கும் ஒருவர் அவருக்கு ரூ. 6,80,000 கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு ஆண்டுகள் சென்றன. நூற்றுக்குப் பதினெட்டு வட்டியுடன் தரவேண்டுமென இவர் வக்கீல் நோட்டீசு விடுத்தார். அனுப்பிய நூலில் ஒரு லோடு சாயம் சீராகப் பிடிக்கவில்லை, துணி திரும்பி வந்துவிட்டது என அவர் பதில் விடுத்தார். கோர்ட்டுக்கு இவ்வளவே போதும்: கடன் உண்டா, நூல் பழுதா என்னும் இரண்டே வினாக்கள்.

சமரசர் தனித்தனியே கேட்டபொழுது வெளிப்பட்டவை வேறு. கடன்பட்டவருக்கே ஏற்றுமதியாளரிடமிருந்து பதினொரு லட்சம் வரவேண்டியிருந்தது. இஃதன்றி, எங்கள் கடைக் கணக்கப்பிள்ளை அவர் தறிக்கூடத்து வாசலில் நின்று வேலையாட்கள் கேட்க வைதிருக்கிறார். "கொடுக்கமாட்டேன் என்று நான் என்றைக்காவது சொன்னேனா ஐயா? என் ஆட்கள் முன்னால் என்னைத் திருடன் என்றார்களே" என்பதே அவர் முதலிற் சொன்ன சொல்லாம். எங்கள் பக்கமும் ஒளித்த செய்தி ஒன்று இருந்தது. ஆலைக்காரர் சிறிய தகப்பனாருக்குக் கடனுக்கு நூல் கொடுப்பதை நிறுத்தியிருந்தனர். அவருக்கு அன்று வேண்டியது மூன்றாண்டு கழித்து வரும் பெருந்தொகையன்று. அம்மாதமே கைக்கு வரும் சிறு தொகை. நோட்டீசில் இதனை எழுதுவார் யார்?

இருவரும் இசைந்த பின் முடிவாயது இது. பழுதான லோடுக்காக ரூ. 60,000 கழிக்கப்பட்டது. வட்டி விடப்பட்டது. கையெழுத்திட்ட அன்றே ரூ. 1,20,000, எஞ்சிய ரூ. 5,00,000 மாதம் ரூ. 50,000 வீதம் பத்துத் தவணைகளில். தொடர்ந்து இரு தவணை தவறின் கழிவு செல்லாது. முழுத்தொகையில் நின்ற பாக்கி வட்டியுடன் உடனே கொடுபடத்தக்கதாகும். கணக்கப்பிள்ளை வருத்தந் தெரிவித்ததும் அவ்வறையிலேயே நிகழ்ந்தது. எந்த டிக்ரியிலும் அதனை எழுத இயலாதன்றோ?

அறுபதினாயிரமும் வட்டியும் இழந்தது நட்டமல்லவா என்று உறவினர் சிலர் கேட்டனர். டிக்ரி பெற்றவுடன் பணம் வந்துவிடும் என்று எண்ணுவோரே இவ்வாறு கேட்பர். இந்நாட்டு வழக்காளிக்குத் துன்பந் தொடங்குவதே டிக்ரி கைக்கு வந்த பின்புதான் என இலண்டன் பிரிவி கவுன்சிலார் 1872 இலேயே கருத்துத் தெரிவித்தனர். டிக்ரியை நிறைவேற்ற மற்றொரு மனு. அதற்கு மற்றொரு காத்திருப்பு. அம்மனுக்களை ஆறு மாதத்துள் முடிக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 இல் பணித்தது. அவ்வாறு பணிக்க நேர்ந்ததே நிலைமையைக் காட்டும்.

இனி இம்முறை சட்டத்தில் இடம்பெற்றவாற்றைச் சுருங்கக் கூறுவேன். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 89 ஆம் பிரிவு, கோர்ட்டில் உள்ள வழக்கைச் சமரசத்துக்கு அனுப்ப இடந்தருகிறது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 ஏப்ரலிற் சமரச மையம் தொடங்கப் பெற்றது. நீதிமன்றத்தோடு இணைந்த மையங்களுள் இந்தியாவில் இதுவே முதலாவது என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. அவ்வாறு வழக்கு முடியுமாயின் கட்டிய கோர்ட்டுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கட்சிக்காரர் தாமே வெளியிற் பேசி முடித்துக்கொண்டாலும் அச்சலுகை உண்டென உச்ச நீதிமன்றம் 2021 இல் நம் மாகாண வழக்கொன்றிலேயே கூறிற்று.

வணிகர்க்கு மிக வேண்டியது 2015 ஆம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டத்தில் 2018 இற் சேர்க்கப்பட்ட 12-அ பிரிவாகும். மூன்று லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள வணிக வழக்குகளில், அவசர இடைக்கால உத்தரவு வேண்டாதவர் முதலிற் சமரசத்துக்கு முயன்ற பின்னரே பிராது கொடுக்கலாம் என்பது அதன் கருத்து. இது கட்டாயமே, மீறிய பிராது தள்ளப்படும் என உச்ச நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் உறுதி செய்தது. சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு ஆயிரம் ரூபாய் கட்டி விண்ணப்பித்தல் வேண்டும். சமரசக் கட்டணத்தை இருவரும் பாதியாகப் பகிர்வர். எதிர்க்கட்சியார் அறிவிப்புக்கு வராவிடின், வரவில்லை என அறிக்கை தரப்படும். அதனைக் கொண்டு பிராது கொடுக்கலாம். இசைந்து கையெழுத்திட்ட உடன்படிக்கை நடுவர் தீர்ப்புக்கு ஒப்பான வலிமையுடையது. மீறினால் டிக்ரி போலவே நிறைவேற்றலாம். பொருளைத் தாமே உற்பத்தி செய்து விற்கும் சிறு தொழிலோர்க்கு 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வேறொரு மன்றமும் உண்டு. அங்கும் முதற்படி இணக்கமே.

இம்முறையிற் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. கொடுக்க மனமில்லாதவன் நாள் கடத்துதற்கு இனிய பேச்சைப் போல வாய்ப்பான கருவி வேறில்லை. விற்ற சரக்கின் விலைக்கு வழக்காடும் காலவரம்பு மூன்று ஆண்டுகளே. ஆணைக்குழுவின் முன் நடக்கும் 12-அ சமரசத்துக்குச் செல்லும் நாட்கள் அவ்வரம்பிற் கணக்கிடப்படா. கடைத்திண்ணையில் உட்கார்ந்து பேசிய நாட்களோ கணக்கிடப்படும். "அடுத்த மாதம் ஐயா, அடுத்த மாதம்" என்னும் வாய்ச்சொல்லை நம்பி மூன்றாண்டு கழித்தவன் வழக்கையும் இழப்பான். வரம்பு முடியுமுன் கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்துப் பெற்றால் அன்றிலிருந்து புதிய காலவரம்பு தொடங்கும்; அதனைப் பெறாமற் பேச்சில் இறங்குதல் அறிவீனம். சொத்துக்களை மறைத்து ஓட முயல்வோனிடத்தும் சமரசம் பேசிக்கொண்டிருத்தல் கூடாது. அவ்விடத்துக் கோர்ட்டின் அவசர உத்தரவே வேண்டும்.

நம் சபையார் சிலர் மற்றொரு மயக்கமும் உடையர். சிறிய தகப்பனாரிடம் வந்து, கடனை மன்னித்தலே கிறிஸ்தவ நெறி, சமரசம் என்பதும் அதுவே என்றனர். அரசனிடம் பெருங்கடன் மன்னிக்கப்பெற்ற ஊழியன் உவமை மன்னிப்பைப் பற்றியதென்பதில் ஐயமில்லை. ஆயின் மலைப் பிரசங்கத்தில், நியாயாதிபதியிடம் சேருமுன் வழியிலேயே எதிராளியோடு பொருந்துக என நம் ஆண்டவர் கூறியவிடத்துக் கடனை விடச் சொன்னாரல்லர். மன்னிப்பவன் கணக்குப் பார்ப்பதில்லை. சமரசத்துக்குச் செல்வோன் கணக்குப் புத்தகத்தைக் கையிற் கொண்டே செல்லுதல் வேண்டும். பில்கள், சரக்கு அனுப்பிய சீட்டுகள், வந்த தொகைகளின் தேதி இவையின்றி அங்குச் சென்றவன் வெறுங்கையோடு திரும்புவான். அல்லது இரக்கத்தால் ஏமாறுவான். குறைந்தது எவ்வளவுக்கு இசைவோம் என்பதனையும் வீட்டிலேயே தீர்மானித்துக் கொள்ளுதல் நலம்.

சிறிய தகப்பனார் காரியத்தில் ஒன்பது தவணைகள் நாள் தவறாமல் வந்தன. பத்தாவது எட்டு நாள் தாமதித்தது. எட்டாம் நாள் அவர் தாமே பணத்துடன் கடைக்கு வந்து, காப்பி அருந்தி, நாற்பதாம் நம்பர் நூல் என்ன விலை என்று கேட்டார். சிறிய தகப்பனார் விலை சொன்னார். கடனுக்கு இல்லை, ரொக்கத்துக்குத்தான் என்பதனையும் சேர்த்துச் சொன்னார். அவர் ரொக்கங் கொடுத்தே எடுத்துச் சென்றார்.