கையடக்கக் கேமரா: பலமும் பலவீனமும்

கேமரா என்று பேச்சு எடுத்தாலே நம்ம ஹாஸ்டலில் முதல் கேள்வி, "எத்தனை மெகாபிக்சல்?" என்பதுதான். அரிசிக் கடையில் எத்தனை கிலோ என்று மட்டும் கேட்டுவிட்டு, மூட்டையைப் பிரித்தே பார்க்காமல் தூக்கி வருவது போன்றது இது.

கேனன் கம்பெனி 2008-ல் வெளியிட்ட பவர்ஷாட் ஜி10 என்ற கேமரா இரண்டு வருஷமாக என்னிடம் இருக்கிறது. உறவுக்கார அண்ணன் ஒருவரிடமிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கடையில் இது இப்போது புதிதாகக் கிடைக்காது. பெரிய எஸ்.எல்.ஆர். கேமராவில் உள்ள வசதிகளில் பாதிக்கு மேல் இதில் உண்டு. ஆனால் லென்ஸைக் கழற்ற முடியாது, ஸ்வெட்டர் பாக்கெட்டில் அடங்கும். இந்த ரகத்தைத்தான் 'அட்வான்ஸ்டு காம்பாக்ட்' என்கிறார்கள். இதே போன்ற பழைய கேமராக்கள் இப்போது கைமாறி நிறைய வருகின்றன. நம்மில் பலருக்கு அந்தப் பணம் அம்மா கொழுந்து பறித்துச் சேர்த்த பணம். ஆகவே வாங்கும் முன் விஷயம் தெரிந்திருப்பது நல்லது.

முதலில் சென்சார். இதில் இருப்பது சி.சி.டி. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-ல் வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் இருவரும் கண்டுபிடித்தது. அதற்கு நோபல் பரிசு கிடைத்தது 2009-ல், அதாவது 40 வருஷம் கழித்து! ஒளி விழுந்தால் எலெக்ட்ரான்கள் சேரும். சேர்ந்ததை வரிசை வரிசையாக நகர்த்தி வெளியே எடுத்து எண்ணுவார்கள். நெருப்பு அணைக்கும்போது கைமாற்றி கைமாற்றி வாளி கொடுப்போமே, அதே கதைதான். எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு நண்பர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

ஜி10-ன் சென்சார் சுமார் 7.4-க்கு 5.6 மி.மீ. சுண்டுவிரல் நகம்கூட இதைவிடப் பெரிது. பழைய 35 மி.மீ. பிலிமின் ஒரு பிரேம் 36-க்கு 24 மி.மீ. பரப்பளவைக் கணக்குப் போட்டால் பிலிம் சுமார் 21 மடங்கு பெரிது. இவ்வளவு சின்ன இடத்தில் 1.47 கோடி பிக்சல்களைத் திணித்திருக்கிறார்கள். ஒரு பிக்சலின் அகலம் சுமார் 1.7 மைக்ரான். அதே 2008-ல் அதே கம்பெனி வெளியிட்ட 450டி என்ற எஸ்.எல்.ஆரில் பிக்சல் அகலம் 5.2 மைக்ரான். பரப்பில் 9 மடங்கு வித்தியாசம்.

அதனால் என்ன என்று கேட்கிறீர்களா? நம்ம சேரங்கோட்டு மழையை வைத்தே சொல்கிறேன். லேசாகத் தூறும்போது வாசலில் பத்து டம்ளர்களை வரிசையாக வையுங்கள். ஒரு நிமிஷம் கழித்துப் பார்த்தால் ஒன்றில் மூணு சொட்டு இருக்கும், பக்கத்து டம்ளரில் ஏழு. மழை என்னவோ ஒரே மழைதான். டம்ளருக்குப் பதில் பத்து அண்டா வைத்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஒளியும் இப்படித்தான் சொட்டுச் சொட்டாக, போட்டான்களாக விழுகிறது. சராசரியாக 10,000 போட்டான் சேர்ந்தால் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், அதாவது 100, ஒரு சதவீதம்தான். 100 போட்டான்தான் சேர்ந்தது என்றால் ஏற்ற இறக்கம் 10, பத்து சதவீதம். போட்டோவில் புள்ளி புள்ளியாகத் தெரியும் 'நாய்ஸ்' பெரும்பாலும் இதுதான். ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்டினால் ஒளி கூடுவதில்லை, வால்யூம் மட்டும்தான் கூடுகிறது. இரைச்சலும் சேர்ந்தே கேட்கும்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதிய பாடம் இல்லை. ஊட்டி இந்துநகரில் 1960-ல் தொடங்கி, 1967 முதல் உற்பத்தி செய்து, பிற்காலத்தில் மூடப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெரியவர் யாரையாவது கேளுங்கள். வேகமான பிலிம் என்றால் பெரிய குருணை. சிலிக்கான் வந்த பிறகும் அந்த நியாயம் போகவில்லை.

கம்பெனியே இதை ஒத்துக்கொண்ட மாதிரி 2009-ல் ஒரு காரியம் செய்தது. அடுத்து வந்த ஜி11-ல் மெகாபிக்சலை 10 ஆகக் குறைத்துவிட்டார்கள்! எண்ணைக் கூட்டிக் கூட்டி விற்ற காலத்தில் குறைத்து விற்றது பெரிய பேச்சாக இருந்தது. பிக்சல் குறைந்ததோடு சென்சாரும் புதுசு என்பதால் மங்கல் வெளிச்சத்தில் அது ஜி10-ஐ முந்தியது. ஆனால் நல்ல வெளிச்சத்தில், ஐ.எஸ்.ஓ. 80-ல், ஜி10 கொடுக்கும் நுணுக்கம் தனி. என் ஓட்டு அதற்குத்தான்; எனக்கு ஆடாத விஷயங்களை எடுக்கும் வேலைதான் அதிகம்.

அது என்ன வேலை? எங்கள் பக்கம் ராத்திரியில் யானை வந்து லைன் வீட்டுச் சுவரை இடித்து அரிசியைத் தின்றுவிட்டுப் போவது உண்டு. இழப்பீடு கேட்டு வனத்துறைக்கு மனு எழுதும்போது கூடவே போட்டோ வைப்பார்கள். இதுவரை மூன்று குடும்பங்களுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். விரிசல் எவ்வளவு நீளம், எந்தச் சுவர், கதவு எங்கே கிடக்கிறது என்பது பார்க்கிறவருக்குப் புரிய வேண்டும். ஜன்னல் வெளிச்சம் மட்டுமே உள்ள அறையில் கேமராவை ஸ்டூல் மேல் வைத்து, ஐ.எஸ்.ஓ. 80, எக்ஸ்போஷர் ஒரு விநாடி, செல்ப் டைமர் இரண்டு விநாடி. விரிசல் பக்கத்தில் ஒரு ஸ்கேல். சுவர் ஆடாது, ஸ்டூலும் ஆடாது. அண்டா நிறைகிற வரை காத்திருக்கலாம். "எதுக்கு தம்பி இத்தனை நேரம், போன்ல டக்குனு எடுக்கலாமே" என்று அந்த வீட்டு அக்கா ஒருவர் கேட்டார்.

நியாயமான கேள்விதான். இன்றைய நல்ல போன், கையில் பிடித்தபடியே பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது. ராத்திரியில் கையில் வைத்து எடுக்கிற பந்தயத்தில் போன்தான் ஜெயிக்கும். ஆனால் அது நாய்ஸை வழித்து எடுக்கும்போது மெல்லிய விரிசலையும் பூசி விடலாம். ஜி10-ல் 'ரா' என்ற வடிவில், சமைக்காத பச்சைத் தகவலாகவே சேமிக்கலாம். வீட்டில் உட்கார்ந்து நிதானமாகச் சமைத்துக்கொள்ளலாம்.

சின்ன சென்சாரினால் லாபமும் உண்டு. லென்ஸின் குவியத் தூரம் 6.1 மி.மீ. முதல் 30.5 மி.மீ. வரைதான், பிலிம் கேமராக் கணக்கில் 28 முதல் 140 மி.மீ.க்குச் சமம். குவியத் தூரம் குறைந்தால் முன்னும் பின்னும் தெளிவாக விழும் ஆழம் கூடும். எஃப் 2.8-ல் எடுத்தாலும், பிலிம் கேமராவில் எஃப் 13 வைத்த ஆழம் கிடைக்கும். மேக்ரோவில் ஒரு சென்டிமீட்டர் வரை நெருங்கலாம். இரண்டு இலை ஒரு மொட்டை முழுத் தெளிவோடு எடுக்க இதைவிடச் சுலபமான கருவி நான் கண்டதில்லை. பின்னணி மங்கலாக, முகம் மட்டும் தெளிவாக வரும் கல்யாணப் படம்தான் வேண்டும் என்றால் இது உங்களுக்கு ஆகாது.

துளையை எஃப் 8 வரை சுருக்காதீர்கள். ஒளி அலை விளிம்பில் வளைவதால் ஒரு புள்ளி சுமார் 10 மைக்ரான் வட்டமாகப் பரவும். பிக்சலோ 1.7 மைக்ரான். காசு கொடுத்து வாங்கிய மெகாபிக்சல் எல்லாம் அங்கேயே கரைந்துவிடும். எஃப் 4-க்குள் நிறுத்துவது நல்லது.

எங்கள் ஊருக்கென்றே செய்தது போல் இதில் ஒன்று இருக்கிறது. தலையில் இடது பக்கம் ஒரு எக்ஸ்போஷர் திருகு. மீட்டருக்கு உலகம் முழுக்கச் சாம்பல் நிறம் என்று நினைப்பு. மூடுபனியைப் பார்த்தால் 'ஆகா, வெளிச்சம் அதிகம்' என்று குறைத்துவிடும். பனி அழுக்குத் துணி மாதிரி வரும். திருகை பிளஸ் 1-ல் வைத்தால் பனி வெள்ளையாக வரும். மெனுவுக்குள் போய்த் தேடவே வேண்டாம். பனியில் கேமராவின் சொந்த பிளாஷை மட்டும் போடாதீர்கள். லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் முன்னால் மிதக்கும் நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளைப் பொட்டு விழும்.

குறைகளில் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண் வைத்துப் பார்க்கும் வியூபைண்டர், படத்தில் விழுவதில் முக்கால் பங்கைத்தான் காட்டும். விநாடிக்கு ஒன்றரைப் படம்கூடத் தேறாது. ஸ்போர்ட்ஸ் டேக்கு இதை எடுத்துப் போகாதீர்கள். ஜூம் செய்தால் துளை எஃப் 4.5 ஆகி, ஒளி இரண்டரை மடங்கு குறைந்துவிடும். அதற்காக யானைக்குப் பக்கத்தில் போய்விடாதீங்க!

மலைக்காரர்களுக்குப் பெரிய குறை ஈரம். லென்ஸ் நீண்டு சுருங்கும்போது கேமரா மூச்சு விடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை எங்கள் காற்றில் பாதி தண்ணீர். மழைக்கான ரப்பர் அடைப்பும் இதில் இல்லை. உள்ளே பூஞ்சை பிடித்தால், லென்ஸைக் கழற்ற முடியாத கேமராவில் நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, அதில் ஒரு பிடி சிலிக்கா ஜெல். நிறம் மாறும் ரகம் என்றால், மாறியதும் சூடு காட்டித் திரும்ப உலர்த்தலாம். பீரோவுக்குள் துணிகளோடு வைக்கவே வைக்காதீர்கள்.

பழையது வாங்கப் போனால் டார்ச்சைச் சாய்வாக அடித்து லென்ஸுக்குள் பாருங்கள். சிலந்தி வலை போலத் தெரிந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். எஃப் 8 வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள். சென்சாரில் தூசி இருந்தால் நிழலாகத் தெரியும். ஜூமைப் பத்து முறை ஓட்டிச் சத்தத்தைக் கேளுங்கள். பேட்டரியை வீட்டுக்கு எடுத்துவந்து சார்ஜ் போட்டுப் பார்க்க ஒரு நாள் தவணை கேளுங்கள். கொடுக்க மாட்டேன் என்றால் விலையில் ஒரு பேட்டரிக் காசைக் குறைக்கச் சொல்லுங்கள்.