கெப்பாசிட்டர் பேனலில் காண்டாக்டர் ஏன் ஒட்டிக்கொள்கிறது?

பவர் ஃபேக்டர் பேனலில் ஒரு காண்டாக்டர் கருகிப்போனால் முதலில் காதில் விழுவது, "சைஸ் பத்தலை சார், அடுத்த சைஸ் போட்ரலாம்" என்பதுதான். போடுவார்கள். சில மாதத்தில் அதுவும் ஒட்டிக்கொள்ளும். கழற்றிப் பார்த்தால் வெள்ளிக் கலவைப் பாயின்ட்கள் உருகி, வழிந்த மெழுகுபோல ஒன்றோடொன்று பிணைந்திருக்கும்.

ஓட்டத்தில் இழுக்கும் கரண்டால் இப்படி ஆவதில்லை. 415 வோல்ட்டில் 25 கேவிஏஆர் கெப்பாசிட்டர் எடுப்பது சுமார் 35 ஆம்பியர்தான். கெடுதல் எல்லாம் ஆன் ஆகும் முதல் சில மில்லி செகண்டில் நடந்து முடிந்துவிடுகிறது. சார்ஜ் இல்லாத கெப்பாசிட்டர் அந்தக் கணத்தில் ஷார்ட் சர்க்கியூட் மாதிரி. மோட்டார் ஸ்டார்ட்டிங்கில் ஆறேழு மடங்கு இழுக்கும் என்றால், தனிக் கெப்பாசிட்டர் முப்பது மடங்கு வரை இழுக்கலாம்.

பல ஸ்டெப் உள்ள பேங்கில் நிலைமை இன்னும் மோசம். நான்கு ஸ்டெப் ஆனில் இருக்க, ஐந்தாவது சேர்கிறது என்று வையுங்கள். லைனிலிருந்து வரும் கரண்டை டிரான்ஸ்ஃபார்மர் ஓரளவு அடக்கி வைக்கும். பக்கத்துக் கெப்பாசிட்டர்களுக்கும் இதற்கும் நடுவிலோ சில அடி பஸ்பாரும் வயரும்தான். நிரம்பி நிற்கும் நான்கும் காலியான ஐந்தாவதற்குள் ஒரே மூச்சில் கொட்டிவிடும். கரண்ட் நூறு மடங்கைக்கூடத் தாண்டலாம், அதாவது 3,500 ஆம்பியர். அதே நொடியில் மோதிய பாயின்ட்கள் லேசாகத் துள்ளும். துள்ளும் இடைவெளியில் ஆர்க் பிடித்து உலோகம் உருக, உருகிய இடத்திலேயே பாயின்ட் போய் அமரும்.

இதற்கென்றே கெப்பாசிட்டர் டியூட்டி காண்டாக்டர் இருக்கிறது. அதன் பக்கத்தில் சுருள்சுருளாகத் தெரியும் கம்பிகள்தான் ரெசிஸ்டன்ஸ். முன்கூட்டியே சேரும் சிறு பாயின்ட்கள் வழியாக முதல் பாய்ச்சல் அந்தக் கம்பிகளில் அடங்கிவிடும். சில மில்லி செகண்ட் கழித்து மெயின் பாயின்ட் சேரும்போது அதற்கு வரும் அடி கொஞ்சம்தான். கம்பி இடைஞ்சலாக இருக்கிறதென்று வெட்டி எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு பதறும். வெட்டிய பிறகு அது வெறும் சாதாரணக் காண்டாக்டர். டீடியூன்டு ரியாக்டர் போட்ட பேனலில் இந்தத் தொல்லை குறைவு, ரியாக்டரின் சுருளே பாய்ச்சலை அடக்கிவிடும்.

புதுக் காண்டாக்டரும் சீக்கிரம் போகிறதா? ஸ்டெப்களை ஆன், ஆஃப் செய்யும் பவர் ஃபேக்டர் ரிலேயின் டைம் டிலேயைப் பாருங்கள். கெப்பாசிட்டரில் உள்ள டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் பழைய சார்ஜை வடிப்பதற்குள் அதே ஸ்டெப் மறுபடி ஆன் ஆனால், எதிர்த்திசையில் நிற்கும் சார்ஜோடு லைன் மோதி, பாய்ச்சல் இரட்டிப்பாகிவிடும். டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் அறுந்திருந்தாலும் இதே கதிதான். கன்ட்ரோல் வோல்டேஜ் குறைந்து காண்டாக்டர் 'டரடர'வென்று அடித்தால், ஒவ்வொரு அடியும் ஒரு புதுப் பாய்ச்சல். அந்தச் சத்தம் கேட்டால் உடனே ஸ்டெப்பை நிறுத்துங்கள்.

ஒட்டிய ஸ்டெப்பைக் கண்டுபிடிக்கக் கிளாம்ப் மீட்டர் போதும். ரிலே ஆஃப் காட்டும் ஸ்டெப்பில் ஏதாவது ஒரு ஜோடி ஃபேஸில் கரண்ட் ஓடினால் பாயின்ட் பிணைந்துவிட்டது. ஆன் ஸ்டெப்பில் மூன்று ஃபேஸும் சமமாக இல்லையென்றால் ஒரு பாயின்ட்டோ ஃபியூஸோ கெப்பாசிட்டரோ போயிருக்கும். கை வைப்பதற்கு முன் மெயினை ஆஃப் செய்து, ஐந்து நிமிடம் விட்டு, டெர்மினலில் வோல்டேஜ் இல்லை என்று மீட்டர் வைத்தே உறுதி செய்துகொள்ளுங்கள்.