ஒரே காற்று, இரண்டு ஊர்: கடற்கரையில் ஓய்வுக்காலம் கழிக்க நினைக்கும் சுரண்டைக்காரருக்கு

சுரண்டையிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் பஸ் பிடித்துத் திருநெல்வேலி போய், அங்கே திருச்செந்தூர் பஸ் ஏற வேண்டும். பாவூர்சத்திரத்தில் ரயில் ஏறினாலும் வழி நெல்லைதான். எப்படிப் போனாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல். மொட்டை போடவும் காது குத்தவும் மட்டுமே கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதன் மேல் தீராத ஆசை இருப்பது இயல்பு. வாத்தியார் வேலையில் இருந்தவர், மின்வாரியத்தில் இருந்தவர், சென்னையில் கடை வைத்து மகன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பியவர் என்று பலருக்கும் 60 வயதில் இந்த ஆசை எட்டிப் பார்க்கும். “மணப்பாட்டுப் பக்கம் ஒரு வீட்ட எடுத்துட்டுப் போயிருவமா?” என்று அவர் கேட்பார். “அங்க போயி யார்கிட்டப் பேசிக்கிட்டு இருப்பிய?” என்று வீட்டம்மா கேட்பார்.

இரண்டுமே சரியான கேள்விகள். தமிழ்நாட்டு அரசு ஊழியரின் ஓய்வு வயது 2020-ல் 59 ஆகவும் 2021-ல் 60 ஆகவும் உயர்ந்தது. அதற்குப் பிறகு கையில் வரும் பணம் ஒருமுறைதான் வரும். அதைக் கடற்கரையில் போடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

எப்படிப்பட்ட ஊர்?

பழமையும் கடலும் சேர்ந்த சின்ன ஊர் என்றால் தமிழ்நாட்டில் பலரும் தரங்கம்பாடியைச் சொல்வார்கள். டேனிஷ்காரர்கள் 1620-ல் கோட்டை கட்டி, 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன ஊர். ஆனால் தென்காசிப் பக்கத்தவருக்கு அது வெகுதூரம். நமக்குக் கிட்டத்தில் இருப்பது திருச்செந்தூருக்குத் தெற்கே உள்ள மணப்பாடு.

மணப்பாடு முத்துக்குளித்துறை ஊர்களில் ஒன்று. 1542-ல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் இங்கே ஒரு கடலோரக் குகையில் தங்கியிருந்தார் என்பது ஊர் மரபு. மணல்மேட்டின் உச்சியில் நிற்கும் திருச்சிலுவை ஆலயத்தின் தொடக்கம் 1581. செப்டம்பர் 14-ஐ ஒட்டி நடக்கும் அதன் திருவிழாவுக்கு, வெளியூர் போன மணப்பாட்டுக்காரர்கள் எல்லாம் வந்து சேர்வார்கள். கொழும்போடு வணிகம் செய்த குடும்பங்கள் கட்டிய பெரிய வீடுகள் தெருக்களில் இன்னும் நிற்கின்றன. அவற்றில் சில பூட்டிக் கிடக்கின்றன. நம் கண்ணில் படுவது அந்தப் பூட்டிய வீடுகள்தான். ‘சும்மா கிடக்கிற வீடுதானே’ என்று தோன்றும். அது அத்தனை எளிதல்ல. பத்திரக் கணக்கு பின்னால் வருகிறது.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். கடற்கரை அந்த ஊர்க்காரர்களுக்கு வேலை செய்கிற இடம். வலை காய்வதும் படகு ஏறி இறங்குவதும் மீன் ஏலம் போவதும் அங்கேதான். நமக்குக் களத்துமேடு எப்படியோ அவர்களுக்குக் கடற்கரை அப்படி. சூடடிக்கிற களத்தின் நடுவில் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ‘தூசி பறக்கிறது’ என்று சலித்துக்கொண்டால் நாம் என்ன நினைப்போம்? மீன் கவிச்சியையும், விடியுமுன் கேட்கும் படகுச் சத்தத்தையும் குறை சொல்கிற புதுக் குடித்தனக்காரரைப் பற்றி அவர்களும் அதையே நினைப்பார்கள்.

காற்றின் கணக்கு

ஜூன் பிறந்தால் தென்மேற்குக் காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிறது. குற்றாலத்தில் அது சாரல். தென்காசி தாண்டிச் சுரண்டைக்கு வரும்போது ஈரம் குறைந்து வேகம் மிஞ்சுகிறது. காற்றாலைகள் சுற்றுகின்றன, சுந்தரபாண்டியபுரத்துப் பக்கம் சூரியகாந்தி பூக்கிறது. அதே காற்று கிழக்கே போகப் போக ஈரமே இல்லாமல் காய்ந்துவிடும். குதிரைமொழித் தேரியின் செம்மண் மேடுகள் இந்தக் காற்று பல்லாயிரம் ஆண்டுகளாக வாரிக் கொட்டியவை. நம் ஊரில் போர்வை தேடுகிற ஆடி மாதத்தில் அங்கே வெயிலும் மணல் காற்றும்.

ஐப்பசி பிறந்தால் கணக்கு தலைகீழ். வடகிழக்குப் பருவமழை கடலிலிருந்து வருகிறது. பெரும்பாலான ஆண்டுகளில் அந்தக் கரைக்கு மழை குறைவுதான். ஆனால் பெய்தால் ஒரேயடியாகப் பெய்துவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், சுமார் 800 பயணிகள் வெள்ளத்தின் நடுவே மாட்டிக்கொண்டார்கள். உங்கள் மகனோ மகளோ சென்னையிலிருந்து வருவதற்கான பாதையும் அதுதான்.

கடற்கரை தன் நல்ல முகத்தைக் காட்டுவது தை, மாசி மாதங்களில். வெயில் இதமாக இருக்கும், கடல் தணிந்திருக்கும், மீனும் கிடைக்கும். வீடு பார்க்கப் போகிறவர்களும் அப்போதுதான் போகிறார்கள். பெண் பார்க்கிற நாளில் வீடு எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியாதா?

பழைய வீடும் உப்பும்

கடற்காற்றில் உப்பு இருக்கிறது. ஜன்னல் கம்பி, கதவுக் கீல், கிரில், ஏ.சி.யின் வெளிப்பெட்டி, ஸ்கூட்டர் எல்லாவற்றையும் அது அரிக்கும். கான்கிரீட் வீட்டில் ஆபத்து உள்ளே இருக்கிறது. உப்பு ஈரம் விரிசல் வழியே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஏறிய கம்பி பருத்து, மேல்பூச்சைத் தள்ளி விழச் செய்யும். கூரையின் அடியில் நீளவாக்கில் விரிசல் ஓடினால், கம்பி துருவேறுகிறது என்று பொருள்.

பழைய சுண்ணாம்புக் கட்டடம் வேறு சங்கதி. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே இழுத்து வெளியே விடும். மூச்சு விடுகிற சுவர் அது. அதன் மேல் சிமென்ட் பூசிப் புதுசாக்கினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். உப்பு பூத்து, பூச்சு பொரிந்து, சில வருடங்களில் செங்கல்லே மாவாக உதிரும். ‘புதுசாப் பூசி, பெயின்ட் அடிச்சாச்சு’ என்று விற்பவர் சொன்னால் மகிழ வேண்டாம். எதால் பூசினீர்கள் என்று கேளுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் அந்தப் பக்கம் கிடைப்பாரா என்றும் விசாரித்து வையுங்கள்.

அடுத்தது தண்ணீர். கிணற்றிலோ போரிலோ வருவது நல்ல தண்ணீரா, உவர்ப்பா என்று கோடையில் குடித்துப் பார்க்க வேண்டும். மழை முடிந்ததும் பார்த்தால் எல்லாக் கிணறும் இனிக்கும்.

பத்திரமும் கடற்கரைச் சட்டமும்

பூட்டிய வீட்டுக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பது அபூர்வம். தாத்தா பெயரில் பட்டா, வாரிசுகள் தூத்துக்குடியிலும் சென்னையிலும் வெளிநாட்டிலும். ஒருவர் கையெழுத்து விட்டுப்போனாலும் பின்னால் வழக்கு வரும். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வாரிசுச் சான்று நான்கையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். யாராவது பவர் வைத்துக்கொண்டு விற்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். அவர் இறந்துவிட்டால் வழக்கமாகப் பவரும் செல்லாது.

கடலோர நிலத்துக்கு சி.ஆர்.இசட். என்று எல்லோரும் சொல்கிற கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு. உயர் ஓதம் வந்து தொடும் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை அதன் கட்டுப்பாடு. 2011 அறிவிப்பின்படி கிராமப்புறத்தில் முதல் 200 மீட்டருக்குள் புது வீடு கட்ட முடியாது; அனுமதி பெற்று ஏற்கெனவே கட்டிய வீட்டைப் பழைய அளவு மீறாமல் பழுது பார்க்கலாம். 2019 அறிவிப்பு, மக்கள் நெருக்கம் மிகுந்த கிராமங்களுக்கு இதை 50 மீட்டராகக் குறைத்தது. ஆனால் அந்தப் பகுதிக்கான கடலோர வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகே அது செல்லும். மீனவர் குடும்பங்களுக்கு இருக்கும் சில சலுகைகள் வெளியூரிலிருந்து வாங்குகிற உங்களுக்குக் கிடையாது. ‘பக்கத்து வீட்டுக்காரர் மாடி கட்டியிருக்காரே’ என்பது இங்கே வாதமாகாது.

பத்திரச் செலவையும் கணக்கில் சேருங்கள். தமிழ்நாட்டில் விற்பனைக்கு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 30 லட்சத்துக்கு வாங்கினால் 2,70,000 ரூபாய் அன்றைக்கே போய்விடும். பிடிக்கவில்லை என்று ஒரு வருடத்தில் திரும்பி வந்தால் அந்தப் பணம் கூடவே வராது.

அமைதி நீடிக்குமா?

மணப்பாட்டுக்கு அடுத்து இருப்பது குலசேகரன்பட்டினம். முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும்; அந்த நாட்களில் அவசரத்துக்குக்கூட வண்டி நகராது. அதே ஊரில்தான் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. சிறிய ராக்கெட்டுகள் இலங்கையைச் சுற்றி வளையாமல் நேராகத் தெற்கே போகலாம் என்பதால் தேர்ந்தெடுத்த இடம். கிட்டத்திலேயே உடன்குடி அனல்மின் நிலையமும் இருக்கிறது. நிலத்தின் விலை ஏறும், சாலை அகலமாகும். அமைதி மட்டும் இப்போதிருப்பது போலவே இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

உடம்பும் சாப்பாடும்

மாதாமாதம் பிரஷர், சுகர் மாத்திரை வாங்குகிறவர், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இருந்தால், போகிற ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாகப் பதிந்துகொள்ள வேண்டும். பெரிய வைத்தியத்துக்குத் தூத்துக்குடி அல்லது பாளையங்கோட்டை. இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்பதைப் பகலில் அல்ல, இரவில் ஒருமுறை வண்டியில் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீன் மலிவு என்று நினைத்துப் போகிறவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப் படகுகள் மட்டும் போவதால் மீன் வரத்து குறையும், விலை ஏறும். காய்கறிக்கோ, சுரண்டைச் சந்தையில் பை நிறைய வாங்கிப் பழகிய கைக்கு அங்கே விலை கடிக்கும்.

சுரண்டை வீட்டை என்ன செய்வது?

விற்க வேண்டாம். மகன் பெயருக்குத் தானசெட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டுக் கடற்கரைக்குப் போகவும் வேண்டாம். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், ‘எங்களைப் பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ன் 23-ஆம் பிரிவு, அந்த நிபந்தனை மீறப்பட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க வழி தருகிறது. நிபந்தனை எழுதாத பத்திரத்தை வைத்துக்கொண்டு போராடுவது கடினம்.

அப்படியானால் போகலாமா?

போகலாம். ஆனால் குடிபெயர வேண்டியதில்லை. நம் பக்கத்தில் ஆட்டுக் கிடை போடுகிறவர்கள் எந்த மாதம் எந்த ஊரில் புல் இருக்கும் என்று பார்த்து நடப்பார்கள். வீடு ஒரு பக்கம், கிடை ஒரு பக்கம். ஓய்வுக்காலத்துக்கும் அந்தக் கணக்கு பொருந்தும். ஆனி, ஆடி, ஆவணியில் சாரல் காற்றோடு சுரண்டை. தை, மாசி, பங்குனியில் வாடகை வீட்டில் கடல். ஒரே காற்று இரண்டு ஊரையும் முறை வைத்து நல்ல ஊராக்கித் தருகிறது. அதற்கு 9 சதவீதம் பத்திரச் செலவு கிடையாது.

இவ்வளவுக்குப் பிறகும் சொந்தமாக வாங்கியே தீர வேண்டும் என்றால் ஐப்பசியில் வாடகைக்குப் போய் ஒரு முழு வருடம் இருங்கள். மழை, தசரா, தடைக்காலம், தேரிக் காற்று நான்கும் உங்களைக் கடந்து போகட்டும். அடுத்த ஐப்பசியில் தெருக்காரர் யாராவது வாசலில் நின்று, “நேத்து வெளிய காணலையே, மேலுக்குச் சொகமில்லையா?” என்று கேட்டால் வீட்டம்மாவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. வழக்கறிஞரை அப்போது பாருங்கள்.