வாடகையும் சந்தோஷமும்

பிறந்த மண்ணை விட்டுப் பிறநாடுகளிற் சென்று வாழும் எம் பழைய மாணவர் பலர், நல்லூர்த் திருவிழாவை ஒட்டியோ, மார்கழி விடுமுறையை ஒட்டியோ, கல்லூரி விழாக்களை முன்னிட்டோ யாழ்ப்பாணம் வந்து சில நாட்கள் தங்கிச் செல்கின்றனர். அவர்கள் எம்மைக் கண்டு அளவளாவுங்கால் தவறாது வினவுவன மூன்று: பணத்தை எங்கு மாற்றுவது? வண்டிக்கு எவ்வளவு கொடுப்பது? வாடகைக்கு மேலும் ஏதேனும் கொடுத்தல் வேண்டுமா? வினாக்கள் சிறியனவே. ஆயினும் இவற்றின் விடையில் வருவோரின் பணம் மட்டுமன்றி, ஊரில் இருப்போரின் நலமும் மானமும் தங்கியுள்ளன. ஆதலால் அவற்றை ஈண்டு ஒருவாறு விளக்க முற்படுகின்றோம்.

முதலில், ரூபாவின் மதிப்பை உள்ளவாறு அறிதல் வேண்டும். 1950-களில் ஓர் அமெரிக்க டொலருக்கு 4 ரூபா 76 சதம் ஈடாயிருந்தது. 1967 நவம்பரில் ரூபாவின் மதிப்புக் குறைக்கப்பட்டபோது அது 5 ரூபா 95 சதமாயிற்று. 1977 நவம்பரில் ஏறத்தாழ 16 ரூபாவாயிற்று. 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. பின்னர் இறங்கி 300 ரூபாவை அண்டி நின்றது. இவ்வரலாற்றை மறந்தோர் இருவகையில் இடர்ப்படுவர். பல்லாண்டுகட்கு முன் ஊரை விட்டவர், நூறு ரூபாவைப் பெருந்தொகையென எண்ணி, நியாயமான வாடகை கேட்பவனையும் கொள்ளைக்காரன் என்பர். அங்குள்ள நாணயத்திற் கணக்கிட்டுப் பழகியவரோ, ஆயிரம் ரூபாவையும் அற்பமென எண்ணி அள்ளி வீசுவர். இருவர் கணக்கும் பிழை. இவ்வூரில் ஒரு நாளுழைப்புக்கு என்ன கிடைக்கின்றது என்பதே அளவுகோலாதல் வேண்டும்.

பணத்தை வங்கியிலோ, மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நாணயமாற்று நிலையத்திலோ மாற்றிப் பற்றுச்சீட்டைப் பேணிக்கொள்க. அறிந்தவர் சிறிது கூடுதலாகத் தருவார் என்று பிறவழி நாடுதல் நன்றன்று. 2022-இல் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியபோது, எரிபொருளுக்கும் மருந்துக்கும் மக்கள் பட்ட பாடு யாவரும் அறிந்ததே. வங்கி வழி வரும் ஒவ்வொரு டொலரும் அக்கேணியில் ஊறும் நீராகும். பெறும் தாள்களில் எழுத்தோ கிறுக்கலோ உள்ளதா எனப் பார்த்து வாங்குக. வேண்டுமென்றே சிதைக்கப்பட்ட தாள்கள் 2017 டிசம்பர் 31-க்குப் பின் செல்லா என மத்திய வங்கி அறிவித்துள்ளது. 5000 ரூபாத் தாளை நீட்டினால் சிறு கடைக்காரரும் வண்டியோட்டியும் மாற்றுக்கு அலைவர். ஆகவே 100, 500 ரூபாத் தாள்களாகச் சிலவற்றை வைத்திருத்தல் நலம். நல்லூரில் ஆடவர் மேற்சட்டையைக் களைந்தே உட்செல்ல வேண்டுமாதலால், சட்டைப்பையை நம்பிப் பணம் வையற்க. எம் பாட்டிமார் பனையோலைக் கொட்டைப்பெட்டியில் அன்றைத் தேவைக்கு மட்டும் சில்லறை இட்டு இடுப்பிற் செருகிய வழக்கம் இன்றும் பின்பற்றத் தக்கது.

இனி வண்டிக்கு வருவோம். ஏ-40 கார் நின்ற இடங்களில் இன்று ஓட்டோ எனப்படும் முச்சக்கர வண்டிகளே பெரிதும் நிற்கின்றன. மானி பூட்டிய வண்டியாயின் அது காட்டும் தொகையையும், இல்லையாயின் ஏறுமுன் பேசிய தொகையையும் கொடுப்பதே முறை. பேசும்போது மூன்றனைத் தெளிவாக்குதல் வேண்டும்: போக மட்டுமா, போய்த் திரும்பவா, இடையில் எங்கெங்கு நிற்பது, காத்திருப்புக்கு எவ்வளவு. சான்றாக, நயினாதீவு நாகபூஷணி அம்மனைத் தரிசிக்கச் செல்வோர், பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியே குறிகட்டுவான் இறங்குதுறையை அடைந்து, அங்கிருந்து படகேற வேண்டும். துறையில் இறக்கிவிட்டு மீளும் வண்டிக்குத் திரும்பும் வழியில் ஆள் கிடைப்பது அரிது. ஆதலால் ஒருவழி வாடகையில் வெறும் வண்டி திரும்பும் செலவும் அடங்கியிருத்தல் நியாயமே. வண்டி காத்து நிற்பதாயின், அந்நேரம் அவ்வோட்டுநரின் உழைப்பு நேரம் என்பதை மறத்தலாகாது.

இதனை மறந்த குற்றத்துக்கு நாமும் ஆளானோம். சில ஆண்டுகட்கு முன், வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவருடன் நயினாதீவு சென்றோம். வண்டியோட்டி எம்மிடம் தமிழ் பயின்றவர். அவ்வுரிமையால் காத்திருப்புக் கூலியைப் பற்றிப் பேசாமலே ஏறிவிட்டோம். பூசை முடிந்து, அன்னதானம் உண்டு, படகு பிடித்து மீள நான்கு மணிநேரம் சென்றது. வழக்கமான வாடகையைக் கொடுத்தபோது, “பரவாயில்லை, சேர்” என்று எண்ணிப் பாராமலே சட்டைப்பையில் இட்டுக்கொண்டார். அன்று நண்பகல் மாதவாடகைக்கு ஏற்றும் பள்ளிப் பிள்ளைகளை வேறொருவரிடம் ஒப்படைத்து, அதற்கும் தம் கையாற் பணம் கொடுத்தார் என்பதைப் பின்னரே அறிந்தோம். மறுநாள் மிகுதியைக் கொண்டுசென்றோம். வற்புறுத்திய பின்னரே வாங்கினார். ஆசிரியர் என்னும் மதிப்பைக் கூலிக்குப் பதிலாகச் செலவிட்டோமே என்னும் நாணம் இன்னும் எம்மை விட்டகலவில்லை.

குறையக் கொடுத்தல் பிழையாயின், மிகையாகக் கொடுத்தல் புண்ணியமா? அதுவும் அன்று. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒருவர் சிறு தொலைவுக்கு 5000 ரூபாத் தாளைக் கொடுத்து, மிச்சத்தை வைத்துக்கொள் என்று சொல்லிச் சென்றார். இரு நாட்களின் பின், எம் சக ஆசிரியர் ஒருவர் நோயுற்ற தாயாரை ஆசுபத்திரிக்கு அழைத்துச்செல்ல அதே தரிப்பிடத்துக்குப் போனபோது, கேட்ட வாடகை இருமடங்காயிருந்தது. “வெளிநாட்டுச் சனம் தருகுது, சேர்” என்பதே அவருக்குக் கிடைத்த விடை. விருந்தினர் விமானம் ஏறிவிடுவர். அவர் உயர்த்திய விலை ஊரில் நின்றுவிடும். அதனைச் சுமப்போர் ஓய்வூதியத்தில் வாழும் முதியோரும் நாட்கூலி பெறுவோருமாவர்.

வண்டியோட்டிகளைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று. 1990-களில் பெற்றோல் தடையின்போது மண்ணெண்ணெயிலே கார் ஓட்டி நோயாளரைக் காத்தவர்கள் இவர்தம் முன்னோர். 2022-இல் முச்சக்கர வண்டிக்கு வாரம் 5 லீற்றரே முதலில் பங்கிடப்பட்டபோதும் இவர்கள் தொழிலைக் கைவிடவில்லை. அவர்க்குரிய கூலியை முழுதாகக் கொடுத்தலே அவரை மதித்தலாகும்.

அவ்வாறாயின், வாடகைக்கு மேல் கொடுக்கவே கூடாதா எனின், கொடுக்கலாம். அதற்கு எம்மூரார் இட்ட பெயரே அதன் இலக்கணத்தைக் கூறும். அதனைச் ‘சந்தோஷம்’ என்கின்றோம். கூலி உழைத்தவனுக்கு உரியது; பிச்சை இரந்தவனுக்கு இடுவது; சந்தோஷமோ மனநிறைவால் ஒருவர் கொடுக்க, மற்றவர் நாணமின்றி வாங்குவது. கொடுத்தபின் இருவர் முகமும் மலராதாயின் அது சந்தோஷம் ஆகாது. பொதி தூக்கினார்க்கும், இரவில் வழிகாட்டி வந்தார்க்கும் சிறுதொகை கொடுப்பது அழகு. வண்டியில் முழுநாளும் உடன்வந்தவருக்கு நண்பகலில் உணவளித்தலும் அதனைச் சாரும். ஹோட்டல்களில் விலைச்சீட்டில் நூற்றுக்குப் பத்துச் சேவைக் கட்டணம் சேர்க்கப்படுவது பெருவழக்கு; அதனைப் பார்த்தபின் மேலும் கொடுப்பது அவரவர் விருப்பம். வள்ளுவர் கொடையின் அளவை ஈகை அதிகாரத்தில் மட்டும் பேசாது, வலியறிதல் அதிகாரத்திலும் வைத்தமை சிந்திக்கற்பாலது. கொடுப்பவன் தன் வலியை மட்டுமன்றி, தன் கொடை ஊரில் விளைக்கும் விளைவையும் அறிதல் வேண்டும் என்பது எம் கருத்து.

பெருந்தொகை கொடுக்க விரும்பும் அன்பர்க்கு வழிகள் பலவுள. வறிய மாணவன் ஒருவனின் பாடப்புத்தகம், கல்லூரி நூலகம், ஊர் வைத்தியசாலை ஆகியன கைநீட்டாமலே காத்திருக்கின்றன. அங்கு மிகையாகக் கொடுப்பினும் எவர் வாடகையும் உயராது.

நல்லூரில் அருச்சனைச் சீட்டின் விலை பல்லாண்டுகளாக ஒரு ரூபாவாகவே இருந்துவருவதை வருவோர் காண்பர். கடல் கடந்து வந்தவர்க்கும், கைதடியிலிருந்து நடந்து வந்தவர்க்கும் அங்கு விலை ஒன்றே; வரிசையும் ஒன்றே. விடுமுறைக்கு வரும் அன்பர்கள் ஊரில் எங்கும் அவ்வாறே ஊரவருள் ஒருவராய் நின்று, ஊரவர் கொடுப்பதைக் கொடுத்து, மனம் நிறைந்தால் சந்தோஷமும் கொடுத்துச் செல்வாராக.