நம் ஊற்றுகளின் கணக்கை நாமே எழுதுவோம்

கிணறு வற்றிவிட்டது என்று ஒரு குடும்பம் முறையிடும்போது அதிகாரியிடமிருந்து வரும் முதற் கேள்வி பெரும்பாலும் ஒன்றேதான்: “முன்பு எவ்வளவு தண்ணீர் இருந்தது?” தேதியோடும் அளவோடும் இதற்கு விடை சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே மிகச் சிலர். “நிறைய இருந்தது, ஐயா” என்று மட்டுமே சொல்லுகின்றோம். அது உண்மைதான். ஆனாலும் கோப்பில் ஏறாத உண்மையாகவே அது நின்றுவிடுகின்றது.

இந்தக் குறையை நீக்கும் வழிகளில் ஒன்றைப்பற்றியே இங்கு பேசவிருக்கின்றோம். நன்னீர் பற்றிய ஆய்வு மாநாடுகளுக்கு அனுப்பப்படும் ஆய்வுச் சுருக்கமே அது. “இது படித்தவர்கள் காரியம், நமக்கென்ன?” என்று பக்கத்தைப் புரட்டிவிடவேண்டாம்.

உமா ஓயா தந்த பாடம்

உமா ஓயா மகாவலி கங்கையின் கிளையாறு. அதன் நீரை மலைக்கடியில் நீண்ட சுரங்கம் வழியாகக் கிரிந்தி ஓயாப் பக்கம் திருப்பி, 120 மெகாவாட் மின்சாரமும் தென்கிழக்கின் வரண்ட நிலங்களுக்குப் பாசனமும் பெறுவதே உமா ஓயாத் திட்டம். 2014 டிசம்பரில், சுரங்கம் தோண்டப்பட்டுக்கொண்டிருந்தபோது, நிலத்தடி நீர் பெருமளவில் உள்ளே பாயத் தொடங்கியது. பண்டாரவளைப் பகுதியில் ஹீல் ஓயா, மக்குலெல்ல முதலிய இடங்களில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. மரக்கறிப் பாத்திகள் காய்ந்தன. 2017 ஜூனில் பண்டாரவளை நகரில் ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். திட்டம் 2024 ஏப்ரல் 24 அன்று திறந்துவைக்கப்பட்டது.

இதில் நாம் கவனிக்கவேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. 2016, 2017 ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதும் கடும் வரட்சி நிலவியது. எனவே அக்காலத்தில் ஒரு கிணறு வற்றியிருந்தால், வற்றவைத்தது சுரங்கமா, வரட்சியா என்று எவரும் கேட்கலாம். இதற்கு விடைகாண மூன்று கணக்குகள் வேண்டும். ஒன்று, அந்தக் கிணற்றின் நீர்மட்டம், வாரா வாரம். இரண்டு, அதே காலத்தில் பெய்த மழையின் அளவு. மூன்று, சுரங்கத்திற்குத் தொலைவிலுள்ள இன்னொரு கிணற்றின் நீர்மட்டம். மழை குறையாதிருக்க நீர் இறங்கினாலோ, தொலைவிலுள்ள கிணறு தாக்குப்பிடிக்க இந்தக் கிணறு மட்டும் வற்றினாலோ, வரட்சியின்மேல் பழியைப் போடுவது கடினம். இந்த மூன்றையும் முன்கூட்டியே எழுதிவைத்திருப்பவரின் சொல்லுக்கு எந்த மேசையிலும் எடை உண்டு.

சுருக்கம் என்றால் என்ன?

ஏரி, ஆறு, குளம், ஊற்று ஆகியவற்றை ஆராய்வது நன்னீரியல். 1922 இல் ஜேர்மனியின் கீல் நகரில் இதற்கென ஒரு சர்வதேசச் சங்கம் தொடங்கப்பட்டது. இன்று பல நாடுகளில் நன்னீர் மாநாடுகள் நடக்கின்றன. நமக்கு அருகே, பதுளையில் 2005 இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகமும் ஆய்வு மாநாடுகளை நடத்திவருகின்றது.

மாநாட்டில் பேச விரும்புகிறவர் முதலில் தம் ஆய்வை ஏறக்குறைய 250 அல்லது 300 சொற்களில் சுருக்கி, குறித்த நாளுக்குள் அனுப்பவேண்டும். அத்துறை அறிந்தவர்கள் அதை வாசித்து, ஏற்கலாமா, மறுக்கலாமா, திருத்தும்படி கேட்கலாமா என்று முடிவுசெய்வர். ஏற்கப்பட்டால் மேடையில் பேசவோ, பெரிய தாளில் எழுதிச் சுவரில் தொங்கவிட்டு விளக்கவோ இடம் கிடைக்கும். சுருக்கம் மாநாட்டு நூலிலும் அச்சேறும். அச்சேறியதை எவரும் எடுத்துக்காட்டலாம்.

நல்ல சுருக்கம் நான்கு கேள்விகளுக்கு விடை சொல்லும். பிரச்சினை என்ன? எங்கே, எப்போது, எப்படி அளந்தோம்? என்ன கண்டோம்? அதனால் என்ன தெரிகின்றது? கற்பனையான ஓர் உதாரணம் தருவோம்: “ஒரு தோட்டத்தின் 40 குடும்பங்கள் மூன்று பீலிகளை நம்பியுள்ளன. 52 வாரங்கள், வாரம் ஒருமுறை, 10 லீற்றர் வாளி நிறையும் நேரத்தை அளந்தோம். ஜனவரியில் 20 செக்கனில் நிறைந்த வாளி ஓகஸ்டில் 60 செக்கன் எடுத்தது. அதாவது நிமிடத்திற்கு 30 லீற்றர் என்பது 10 லீற்றராகக் குறைந்தது. கச்சான் காற்று வீசும் மாதங்களுக்கு நீர்த்தொட்டி அவசியம்.” இவ்வளவுதான். “மிகவும்”, “பயங்கரமாக” என்ற சொற்கள் அதில் இல்லை. எண்களே பேசுகின்றன.

ஒரு தட்டும் ஒரு கயிறும்

இதற்குப் பெரிய கருவிகள் வேண்டுமே என்று தயங்குவோருக்கு ஒரு செய்தி. 1865 ஏப்ரலில் ஆஞ்சலோ செக்கி என்ற இயேசு சபைக் குருவானவர் பாப்பரசரின் கப்பலில் இருந்துகொண்டு, ஒரு வெண்தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலுக்குள் இறக்கினார். எந்த ஆழத்தில் தட்டு கண்ணுக்கு மறைகின்றதோ அதுவே நீரின் தெளிவுக்கு அளவு. செக்கித் தட்டு என்ற பெயரில் உலகெங்கும் ஏரிகளில் இன்றும் அது இறக்கப்படுகின்றது.

நமக்கும் அப்படியே. கல் கட்டிய, அளவு முடிச்சிட்ட ஒரு கயிறு கிணற்றுக்குப் போதும். விளிம்பில் ஓர் அடையாளமிட்டு, காலையில் தண்ணீர் அள்ளுமுன், எப்போதும் அதே இடத்திலிருந்து அளக்கவேண்டும். பீலிக்கு ஒரு வாளியும் மணிக்கூடும். மழைக்கு, அடியும் வாயும் ஒரே அகலமான நேர்ப்பக்கப் பாத்திரம். மரமும் கூரையும் மறைக்காத வெளியில் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் அடிமட்டத்தால் மில்லிமீற்றரில் அளந்து, பின் கொட்டிவிடவேண்டும். பாடசாலைப் பிள்ளைகள் இதை நன்றாகச் செய்வார்கள்.

இந்தக் கணக்கு உயிரையும் காக்கும். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்த, மீரியபெத்தவில் மண் சரிந்து லயங்களை மூடியதையோ, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நம் மாவட்டத்தில் செய்த அழிவையோ நாம் மறக்கப்போவதில்லை. புதிதாக ஊற்றுக் கிளம்புவதும், தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குவதும், ஓடிய ஊற்று நின்றுவிடுவதும் மண்சரிவின் முன்னறிகுறிகள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கைகளில் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை விழிப்பாயிருக்கவேண்டிய அளவு. 150 மில்லிமீற்றர் வெளியேறவேண்டிய அளவு. ஆனால் அறிகுறியைக் கண்டால் எண்ணுக்காகக் காத்திராமல் வெளியேறுங்கள்.

மாணவர் வரும்போது

இம்மாநாடுகளின் சுருக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுவதால், ஒரு பல்கலைக்கழக மாணவரோ ஆசிரியரோ நமக்குத் துணையாக வேண்டும். அவர்களை வரவேற்போம். ஆனால் வெறுங்கையோடு அனுப்பிவிட்டு மறந்துவிடக்கூடாது. நம் கொப்பியின் பிரதியைக் கொடுப்போம். மூலத்தை நாமே வைத்திருப்போம். அனுப்புமுன் சுருக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்டும்படி கேட்போம். அளந்தவர்கள் நாம் என்பது அதில் எழுதப்படவேண்டும். நம் பெயரும் வீட்டின் இடமும் அச்சேறலாமா என்பதை நாமே தீர்மானிப்போம். மாநாடு முடிந்ததும் அச்சுப்பிரதி ஒன்று நம் கைக்கு வரவேண்டும்.

நம் பக்கத்திலும் ஒரு கடமை உண்டு. அளக்காத வாரத்தை அளந்ததாக எழுதக்கூடாது. தவறிய நாளுக்கு வெற்றிடம் விடுவோம். பெரியவர்கள் சொல்லும் பழைய செய்திகளையும் எழுதலாம்; “நினைவு” என்று தலைப்பிட்டுத் தனியாக எழுதுவோம். நியாயம் நம் பக்கம் இருக்கும்போது பொய் எண் ஒன்று போதும், அனைத்தையும் கெடுக்க.

ஊரை விட்டு வந்தவர்கள், “அந்த ஊற்றே போய்விட்டது, இனி எதை அளப்பது?” என்று கேட்கலாம். ஆதியாகமத்தில் ஈசாக்கின் கதையை நினைத்துப் பாருங்கள். தந்தையின் கிணறுகளைப் பெலிஸ்தியர் மண்ணிட்டு மூடினர். அவரைப் போகச் சொன்னார்கள், போனார். பழைய கிணறுகளை மீண்டும் தோண்டி, தந்தை இட்ட பெயர்களையே இட்டார். புதியவற்றையும் தோண்டினார். அவற்றுக்காகச் சண்டை வந்தபோது, சண்டையின் பெயரையே கிணற்றுக்கு இட்டுவிட்டு அப்பால் சென்றார். யாருக்கு என்ன நடந்தது என்பது கிணற்றின் பெயரிலேயே நின்றது.

நாமும் இப்போதிருக்கும் இடத்திலிருந்தே தொடங்குவோம். கொப்பியின் முதற் பக்கத்தில், விட்டுவந்த ஊற்றின் பெயரும் அது இருந்த இடமும். இரண்டாம் பக்கத்தில், இன்றைய தேதி, தண்ணீர் எடுக்கும் இடம், வாளி நிறைந்த நேரம். அடுத்த வாரம் அதே நாளில் இன்னொரு வரி. ஓராண்டில் 52 வரிகள் சேரும். “முன்பு எவ்வளவு தண்ணீர் இருந்தது?” என்று எவரும் கேட்டால், அந்தக் கொப்பியைத் திறந்து காட்டுவோம்.