மேடு கரைந்தாலும் ஏடு இருக்கும்

தோட்டத்தில் மாண்ட நம் பாட்டன் பூட்டனுக்குப் பெரும்பாலும் பெயர் வெட்டிய கல் கிடையாது. வெறும் மண்மேடுதான்; தோட்டம் கைமாறினால் அதுவும் போய்விடும். ஆனால் மண்ணில் கரைந்த பெயர் ஏட்டில் இருக்கக்கூடும்.

சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போய் அங்கேயே கண்மூடிய உறவினர் பலருக்கு உண்டு. அங்கே பிடாடாரி மயானத்தில் கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து என்று தனித்தனிப் பகுதிகள் இருந்தன. 1972-இல் அது மூடப்பட்டது. பின்னர் வீடமைப்புக்காகக் கல்லறைகளைத் தோண்டி அகற்றினார்கள். அடக்கப் பதிவேடுகளோ தேசிய ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

ஏட்டில் பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள். கிராணி காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். முனியாண்டியின் கடைசி எழுத்து ஓரிடத்தில் ‘ஒய்’, இன்னோரிடத்தில் ‘ஐ’. வயதும் உத்தேசம்தான். ஆகவே தேதியைப் பிடியுங்கள். முன்னும் பின்னும் சில நாள் பாருங்கள்.

நமக்குக் குடும்பப் பெயர் இல்லையே என்று சிலர் குறைப்படுவார்கள். நான் அதை லாபமென்பேன். இறந்தவரோடு தகப்பன் பெயரும் எழுதியிருந்தால், ஒரே வரியில் இரண்டு தலைமுறை!

தேதிக்கு எங்கே போவது? பெரியவர்களிடம் “எந்த வருஷம்?” என்றால் விழிப்பார்கள். “ஜப்பான்காரன் வருமுன்பா, போன பிறகா? தைப்பூசம் கழிந்ததா?” என்று கேளுங்கள். ஜப்பானியர் காலம் 1942 முதல் 1945 வரை. அதை வைத்துக் கணக்கிடலாம். மலேசியாவில் தேசியப் பதிவிலாகாவில் இறப்புப் பத்திரம் தேடவும் இந்தத் தேதியும் ஊரும்தான் கைகொடுக்கும். அத்தையோ பாட்டியோ சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.