காதல் வந்தால் நட்புப் போக வேண்டுமா?

கைத்தொலைபேசியில் ஒரு முகம் தோன்றுகின்றது. பிடித்ததாயின் விரலால் வலப்புறம் தள்ள வேண்டும், பிடிக்காவிடின் இடப்புறம். 2012ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே தொடங்கப்பெற்ற ‘ரின்டர்’ என்னும் செயலி உலகெங்கும் பரப்பிய துணைதேடும் முறை இது. ஞாயிறுதோறும் ‘மணமகள் தேவை’ப் பகுதியைக் கருத்தூன்றிப் படிக்கும் பெற்றோர் இதனைக் கேட்டு முகஞ்சுளிக்கக்கூடும். ஆயினும், முன்பின் அறியாதாரை அறிமுகஞ் செய்வதே இரண்டின் தொழிலுமாகும். அறிமுகத்தின்பின் நிகழ்வதைப் பற்றியே நாம் இங்கு சிந்திக்க விரும்புகின்றோம்.

ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் றொபின் டன்பார் 2010ஆம் ஆண்டில் ஓர் ஆய்வின் முடிவை எடுத்துரைத்தார். துன்பம் வந்தபோது நாடிச் செல்லத்தக்க நெருங்கியோர் ஒருவருக்குச் சராசரியாக 5 பேர் உளர். காதல் வயப்பட்டோருக்கோ 4 பேரே. அந்நால்வருள்ளும் ஒருவர் காதலர். எனவே, புதியவர் ஒருவர் உள்ளே வர, பழையவர் இருவர் விலகிப்போகின்றனர். காரணம் எளிது. நமது நேரமும் கவனமும் அளவுடையன; சந்திப்புக் குறையவே நெருக்கமும் குறைகின்றது.

நமது பழந்தமிழர் காதலையும் நட்பையும் இவ்வாறு பிரித்தாரல்லர். சங்க அகப்பாடல்களில் தலைவியின் அருகே என்றும் தோழி நிற்கின்றாள். தலைவனின் உள்ளத்தை ஆராய்பவள் அவள். களவை நீட்டியாது விரைவில் மணந்துகொள்ளுமாறு அவனை வற்புறுத்துபவள் அவள். தக்க வேளையில் செவிலிக்கு உண்மையை உணர்த்துபவளும் அவளே. காதலிப்பவர் கண்ணுக்குத் தெரியாதது, பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியுமன்றோ?

இன்றைய தொலைபேசிக் காதலில் அத்தோழிக்கு இடமில்லை. நள்ளிரவில், பூட்டிய அறையில், இருவர் மாத்திரமே அறிய உரையாடல் நிகழ்கின்றது. நேரிற் கண்டிராத ஒருவன் பணமோ அந்தரங்கப் படமோ கேட்கும்போது, ‘வேண்டாம், பொறு’ என்று தடுக்க யார் இருக்கின்றார்? “உன் சிநேகிதிகளோடு பேசாதே” என்று கட்டளையிடும் காதலன் அன்பு காட்டுகின்றானல்லன், காவல் போடுகின்றான். இதனை நம் மாணவிகள் மறத்தலாகாது. மாணவர்களுக்கும் இது பொருந்தும்.

இனி, துணையின்றி வாழ்வோரைப் பற்றிச் சிறிது கூறுவோம். யப்பானில் 1950ஆம் ஆண்டில், 50 வயதளவிலும் மணஞ் செய்யாதிருந்தோர் நூற்றுக்கு இருவர் கூட இல்லை. 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலோ ஆண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 28 பேரும், பெண்களில் 18 பேரும் அந்நிலையில் இருந்தனர். 2021இல் அந்நாட்டு அரசு தனிமைத் துயரைக் கவனிக்கவென அமைச்சர் ஒருவரையும் நியமித்தது. எனினும், மணமாகாதோர் யாவரும் துயருறுவோரல்லர். மணமானோர் யாவரும் துணையுடையோருமல்லர். தனித்திருத்தல் வேறு, ஆதரவின்றித் தவித்தல் வேறு.

நம் வீடுகளிலும் மணமாகாத மாமியோ சித்தப்பாவோ இருப்பதுண்டு. உடன்பிறந்தார் பிள்ளைகளைப் படிப்பித்து ஆளாக்கியவர்கள் அவர்கள். அவர்களுடைய வாழ்வைக் குறைவாழ்வென எண்ணுதல் நன்றியன்று. தனித்திருக்க அஞ்சுபவரே, பொருந்தாத துணையையும் விட மனமின்றிப் பற்றிக்கொள்கின்றனர். தன்னோடு தான் அமைதியாக இருக்கப் பழகியவருக்கு அவ்வவசரம் இல்லை.

ஆதலின், இளைஞர்களுக்கு நாம் கூறுவது இதுவே. காதலியுங்கள், ஆனால் வாரத்தில் ஒரு மாலைப்பொழுதைப் பழைய நண்பர்களுக்கென ஒதுக்கி வையுங்கள். நாளில் ஒரு மணி நேரமேனும் தொலைபேசியை அப்பால் வைத்து, நூலோடோ தோட்டத்தோடோ தனித்திருங்கள். பெற்றோரே, உங்கள் பிள்ளைகளின் நண்பர்களை வீட்டிற்கு அழைத்து ஒரு கோப்பைத் தேநீர் கொடுங்கள். பிள்ளை உங்களிடம் சொல்லத் தயங்குவதை, ஒருநாள் அவர்களே உங்களிடம் வந்து சொல்லக்கூடும்.